முதலில் நீட்டிய கை

ரத்தம் எடுக்கும் அறையில் புது நர்ஸுக்கு அன்றுதான் முதல் ஊசி. எதிரே பெரியவர் ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, இந்தப் பொண்ணு புதுசு. நானே எடுக்கட்டுமா?” என்றார் தலைமை நர்ஸ்.

“வேணாம். அந்தப் பொண்ணே எடுக்கட்டும்.”

அவள் நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியைச் செலுத்தினாள். முதல் குத்திலேயே குழாயில் ரத்தம் நிறைந்தது.

“சுத்தமா எடுத்திட்டே” என்ற தலைமை நர்ஸ், பெரியவரிடம் திரும்பினார். “உங்களுக்கு உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. இவ கை தவறினா வெளியாள் யாரும் எங்க குடும்பத்தை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. அதான் முதல் ஆளா நானே வந்து உட்கார்ந்தேன்.”

“பஞ்சை அழுத்திப் பிடிங்கப்பா” என்றாள் மகள்.

அவர் வெளியே வந்து, வரிசையில் இருந்தவர்களிடம் சொன்னார்: “தைரியமா போங்க. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல.”