தொட்டித் திருடன்

“திருடன் வேஷம் உனக்குத்தான், கிளெம். நீ நடிக்கவே வேண்டாம், ரத்தத்திலேயே இருக்கு!”

தெல்மா இப்படிச் சொன்னதும் ஒத்திகைக்கு வந்திருந்த மொத்தக் கூட்டமும் கொல்லென்று சிரித்தது. கிளெமும் சேர்ந்து சிரித்தார்.

சிரிக்காதது ஒரே ஒருத்திதான். கிளெமின் மனைவி கோரல்.

மிண்டரா ஊருக்கு நூறு வயது. விழாவில் ஊரின் கதையை நாடகமாகப் போடுகிறார்கள். எழுதியது, இயக்குவது, அதட்டுவது எல்லாம் தெல்மாதான். மண்டபமே அவள் தாத்தா ஹாலரன் கட்டிக் கொடுத்தது. சுவரில் அவர் படம், மீசையும் கோட்டுமாக.

நாடகத்தில் முக்கியமான காட்சி, பெரும் பஞ்சத்தில் நடந்த திருட்டு. ஊருக்கென்று மிச்சமிருந்தது ஒரு தொட்டித் தண்ணீர். எவனோ பூட்டை உடைத்து, அவ்வளவையும் தன் ஆடுகளுக்குக் காட்டிவிட்டான். விடிந்து பார்த்தால் தொட்டி காலி. குழந்தை குட்டிகளோடு ஊரைக் காலி செய்துவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு.

“அந்த எவனோ வேற யாரும் இல்ல, எங்க தாத்தாதான்!” என்று கிளெம் சின்ன வயதிலிருந்தே சொல்லி வருகிறார். பட்டப்பெயரே ‘தொட்டி கிளெம்’. மதுக்கடைக்குள் அவர் தலை தெரிந்தால் போதும், “தொட்டி வர்றான், பீரைப் பூட்டி வைங்கடா!” என்று ஒரு குரல் வரும்.

வீடு திரும்பும் வழியில் கோரல் பொரிந்து தள்ளினாள்.

“போன வாரம் உன் அத்தை போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? உங்க தாத்தா இந்த ஊர் ஸ்டேஷன்ல வந்து இறங்கினப்போ முழங்கால் அளவு சேறாம். பஞ்சத்துல ஏது சேறு? மழை பெய்ஞ்சு பஞ்சம் தீர்ந்த பிறகுதானே அவர் வந்தே சேர்ந்திருக்கார்!”

“அத்தைக்கு வயசாயிடுச்சு, கோரல்.”

“உனக்குத்தான் புத்தி மழுங்கிடுச்சு. செய்யாத திருட்டுக்கு இப்படிப் பல்லை இளிக்கிறியே! உன் பேரப்பிள்ளைங்களையும் நாளைக்கு இப்படித்தான் கூப்பிடுவாங்க.”

கிளெம் வண்டியை ஓட்டுவதில் மும்முரமானார்.

‘நீ பேச மாட்டே. நான் பேசுறேன்’ என்று கோரல் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

விழா நாள். மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் தெல்மா ஒலிபெருக்கியைப் பிடித்துக் கதை சொன்னாள். கிளெம் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கையில் வாளியோடு பதுங்கிப் பதுங்கி வந்தார். விசில் பறந்தது.

“அந்தத் திருடனோட வம்சம் இன்னிக்கும் நம்ம நடுவுலதான் நடமாடுது!” என்றாள் தெல்மா.

கோரல் விருட்டென்று எழுந்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஆர்ச்சி, கிளெமோடு பள்ளியில் படித்தவர், அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“விடு ஆர்ச்சி! கிளெமோட தாத்தா அப்போ இந்த ஊர்லயே இல்ல. எனக்குத் தெரியும்.”

“எங்களுக்கும் தெரியும்.”

கோரல் திகைத்தாள். “அப்போ திருடினது யாரு?”

ஆர்ச்சி திரும்பி, சுவரில் இருந்த மீசைக்காரர் படத்தை முகவாயால் காட்டினார்.

“ஐயோ! தெல்மாவோட…”

“மெதுவா. அம்மா இல்லாத பொண்ணு அவ. அந்தக் கிழவர்தான் சமைச்சுப் போட்டு, தலை பின்னிவிட்டு வளர்த்தார். ஒரு நாள் ஸ்கூல்ல எவனோ ஒருத்தன், ‘உங்க தாத்தா தண்ணித் திருடன்’னு அவளைப் பார்த்துக் கத்திட்டான். புள்ளைக்கு முகம் செத்துப்போச்சு. உன் புருஷன், அப்போ பொடிப்பயல், குறுக்கே பாய்ஞ்சு, ‘போடா, திருடினது எங்க தாத்தா! அவர் பெருமையை வேற யாருக்கும் பங்கு போடாதே’ன்னு மார்தட்டினான். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சா. அன்னையிலேருந்து ஊரும் அப்படித்தான் சொல்லுது.”

“அவளுக்குத் தெரியவே தெரியாதா?”

“அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.”

“எனக்கு யாரும் சொல்லலையே!”

“நீ வெளியூர்க்காரி. கட்டிக்கிட்டு வந்து முப்பது வருஷம்தானே ஆச்சு!”

கோரல் மேடையைப் பார்த்தாள். கிளெம் வாளியும் கையுமாக அப்படியே உறைந்து நின்றிருந்தார். அவள் எழுந்ததை அவர் பார்த்துவிட்டார். கரி பூசிய முகத்தில் கண்கள் மட்டும் கெஞ்சின.

தெல்மாவும் பார்த்திருந்தாள்.

“என்ன கோரல், எழுந்திரிச்சியே? ஏதாவது சொல்லணுமா?” என்றாள் ஒலிபெருக்கியில்.

மொத்த மண்டபமும் திரும்பியது.

கோரல் எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஆமா தெல்மா, சொல்லணும். ஒரே ஒரு வாளியா கொடுத்து அனுப்புறது? எங்க தாத்தா முழுத் தொட்டியையும் காலி பண்ணினவர். எங்க குடும்பத்தை இப்படியா கேவலப்படுத்துவே!”