அழுக்குத் துணி வெளிச்சம்

தேயிலைச் சரிவிலிருந்து இறங்கும் பனிமூட்டம் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் தகரக் கூரைகளை உரசிப் போகிறது. பின்புற வாய்க்காலைச் சுற்றி நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் குந்தியிருக்கிறார்கள். நடுவில் தனுஜா டீச்சர். பழைய சிலிப்பரை வட்டமாக வெட்டி, எட்டு பிளாஸ்டிக் கரண்டிகளைச் செருகி, பொம்மைக் காரின் மோட்டாரோடு பொருத்திய சக்கரம் அவள் கையில் அசையாமல் நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நூலாகத்தான் ஓடுகிறது. போன வாரம் கரண்ட் எடுத்துக் காட்ட சூரியத் தகட்டைக் கொண்டுவந்தாள். வெயில் எட்டியே பார்க்கவில்லை. இன்றும் மானம் போய்விடும் போலிருக்கிறது. “வீட்டுக் கரண்டே போதும்லா டீச்சர்,” என்கிறான் ரயன். வனஸ்ஸா மட்டும் எழுந்து, மேட்டில் துணி துவைப்பவளைப் பார்த்துக் கத்துகிறாள்: “லூர்தம்மா ஆண்ட்டி, துணி அலசுன தண்ணிய ஊத்துங்க!”

மேலே லூர்தம்மாள் தொட்டியைச் சாய்க்கிறாள். நுரை குதித்துக்கொண்டு வருகிறது. கரண்டிகள் சடசடவெனச் சுழல, கம்பி முனையில் கடுகளவு சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது. பிள்ளைகளின் கூச்சலில் செடிகளுக்குள்ளிருந்து குருவிகள் கிளம்புகின்றன. “பாத்தீங்களா, எண்ணெய் இல்ல, புகை இல்ல...” என்று தனுஜா தொடங்குவதற்குள் நுரை வடிந்து விளக்கு அணைகிறது. “இன்னொரு தொட்டி, ஆண்ட்டி!” “துணி தீந்துருச்சுடி!” என்று மேலிருந்து பதில் வருகிறது. வனஸ்ஸா ஒரு நொடி யோசிக்கிறாள். பிறகு கரைச் சேற்றில் தன் வெள்ளைச் சட்டைக் கைகளை நன்றாகப் புரட்டி எடுக்கிறாள். பின்னாலேயே வகுப்பு முழுவதும் சேற்றில் இறங்குகிறது. “இப்ப துணி இருக்கு ஆண்ட்டி!” தடுக்க வேண்டிய தனுஜா, சக்கரத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கிப் பிடிக்கிறாள்.