தேன் தொட்ட விரல்

முட்டையிட்ட கோழிக்குப் பின்புறத்தில் சிவப்பாகச் சதை வெளியே தள்ளி நின்றது. மற்றக் கோழிகள் அதைக் கொத்த வந்ததால், சவரிமுத்து கோழியைத் தூக்கி வந்து மனைவி பிலோமியின் மடியில் வைத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, வீக்கம் வடியத் தேன் தடவி, ஒற்றை விரலால் மெல்ல உள்ளே தள்ளினான். விரலை எடுத்ததும் சதை திரும்ப வெளியே வந்தது.

“அது முக்கும்போது தள்ளாதீங்க. மூச்சு விடட்டும், அப்பத் தள்ளுங்க” என்றாள் பிலோமி.

அப்படியே செய்தான். சதை உள்ளே போய் நின்றுவிட்டது. அவன் கோழியின் கழுத்தை வருடினான். அவன் குரல் இவ்வளவு இளகி அவள் கேட்டதே இல்லை.

“ரொம்ப வலிச்சுதாம்மா? எப்பயிருந்து இப்படி இருக்கு? வாயத் தொறந்து சொல்ல வேணாமா?”

“சின்னவன் பொறந்ததுலேர்ந்து” என்றாள் பிலோமி.

சவரிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. கோழி போன கிறிஸ்துமஸுக்கு வாங்கியது. சின்னவனுக்கு மீசை முளைத்துவிட்டது. அவளையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தான். பிசுபிசுத்த விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான்.