முன் சக்கரம் இழுக்காத வண்டி

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பது. வண்டி விற்பனை விளம்பரத்தைப் பார்த்து போன் செய்தபோது எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பல் டாக்டர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து கேட்டைத் தட்டினார்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் சாவியோடு வந்தார். முற்றத்தில் பழைய பச்சை ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று நின்றது. அதன் பின்னால் கதவு சாத்திய தகரக் கொட்டகை.

"அவர்தான் இதை ஓட்டுவார்." அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். "எனக்குச் சாவியை எங்க போடணும்னுகூடத் தெரியாது."

டாக்டர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். கூட வந்த மச்சானும் தொப்பியைக் கழற்றினான்.

மச்சான், டாக்டர் மனைவியின் தம்பி. அக்காள் அனுப்பிய ஆள். டாக்டர் வீட்டு வாசலில் ஏற்கெனவே இரண்டு வண்டிகள் செங்கல் மேல் நிற்கின்றன. மலைப்பாதையில் ஓட்டலாம் என்று வாங்கி, பிரித்து, திரும்ப மாட்ட முடியாமல் போனவை.

"மூணாவதும் செங்கல் மேல ஏறிச்சுன்னா மூணும் பழைய இரும்புக் கடைக்குத்தான். அதுக்கப்புறம் மலை, காடுன்னு இந்த வீட்டுல பேச்சே இருக்கக் கூடாது." அக்காள் சொல்லிவிட்டாள். தம்பி கையில் ஒரு டார்ச்சையும் கொடுத்தாள். "அடியில படுத்துப் பாருடா. இவர் மேலயே பார்ப்பார்."

வரும் வழியில் டாக்டர் சிரித்தார். "ஒருத்தன் வாயைத் திறந்ததுமே எந்தப் பல்லுல சொத்தைன்னு சொல்றவன் நான். வண்டி என்ன பெரிய விஷயம்."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒரு குறை இருக்கு தம்பி. மறைக்க மாட்டேன். முன் சக்கரம் இழுக்க மாட்டேங்குது. ரெண்டு மெக்கானிக் வந்து பார்த்தாங்க. உள்ள இருக்கிற கியர் பெட்டியையே மாத்தணுமாம். அதனாலதான் பாதி விலை."

டாக்டர் முன் சக்கரத்தைப் பார்த்தார். அதன் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குமிழ். வண்டி முழுக்கச் சேறு காய்ந்து கிடந்தது. குமிழ் மட்டும் பளபளத்தது. அதன் முள் 'ஃப்ரீ' என்ற எழுத்தில் நின்றது.

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். மச்சானை வண்டியின் மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இது ரிப்பேரே இல்ல மச்சான். இந்த மாதிரி பழைய வண்டியில நாலு சக்கரமும் இழுக்கணும்னா, கீழ இறங்கி அந்தக் குமிழைக் கையால 'லாக்'குக்குத் திருப்பணும். அவ்வளவுதான். இந்தம்மாவுக்குத் தெரியல. அந்த மெக்கானிக்குங்களுக்கும் தெரியல."

"பாவம் மாமா. சொல்லிடலாமே."

"சொன்னா முழு விலை கேட்பாங்க. வாயை மூடு."

"நீங்க எல்லாரையும் வாயைத் திறக்கத்தானே சொல்வீங்க."

மச்சான் டார்ச்சை எடுத்தான். டாக்டர் அதைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "குனியாத. சக்கரத்துக்கிட்ட குனிஞ்சா அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்துடும். முகத்தைத் தொங்கப் போட்டுக்க."

"அக்கா கேட்டா?"

"பார்த்தேன்னு சொல்லு."

மச்சான் மூக்கை உறிஞ்சினான். "அடியிலேருந்து புது பெயின்ட் வாசனை வருது மாமா."

"போய்ச் சேர்ந்த மனுஷன் நல்லா வச்சிருந்திருக்கார். பேசாம வா."

அம்மாளிடம் திரும்பி வந்த டாக்டர், துக்க வீட்டுக்கு வந்தவர்போல் நின்றார். "முன் சக்கரம் இல்லாம இதை வச்சு என்னம்மா பண்றது?"

"வேண்டாம்னா விடுங்க தம்பி. ஒன்பது மணிக்கு இன்னொருத்தர் வர்றார்."

"இல்லம்மா, இல்லம்மா. உங்களைப் பார்த்தா மனசு கேக்கல. நான் எடுத்துக்கறேன்."

"நல்லா இருப்பீங்க" என்றார் அம்மாள். எட்டு இருபதுக்குள் கையெழுத்தெல்லாம் முடிந்தது.

தெரு முனை திரும்பியதும் டாக்டர் வண்டியை நிறுத்தி இறங்கினார். இரண்டு குமிழ்களையும் திருப்பினார். ஓரத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேட்டில் ஏற்றினார். முன் சக்கரங்கள் மணலை வாரி இறைத்துக்கொண்டு ஏறின.

உச்சியில் நின்றபோது டாக்டரின் கண்கள் கலங்கியிருந்தன. "உங்கக்காகிட்ட நானே சொல்றேன். நீ குறுக்க பேசாத."

"கீழ ஏதோ மளுக்குன்னு சத்தம் கேட்டுச்சு மாமா."

"கல்லா இருக்கும்."

முற்றத்தில் அம்மாள் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போய்த் தகரக் கொட்டகையின் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்னங்க, வெளியே வரலாம். இவரும் குமிழை மட்டும்தான் பார்த்தார், அடியில துருப்பிடிச்ச பக்கம் குனியவே இல்ல. ஒன்பது மணிக்காரர் வந்துடுவார், நீல வண்டிக்கு அடியில பெயின்ட் காஞ்சிடுச்சா?"