ஓவருங்க

எண்பத்தெட்டில் தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஒரு ஜோடி வயர்லெஸ் செட் வாங்கினார்கள், கண்ணுகளா. ஒன்று ஆபீசில் இருந்தது, இன்னொன்று காவல்காரர் சித்தன் கையில். கூட வந்த தாளில், இடையில் எதுவும் மறைக்காவிட்டால் ஐந்து மைல் எட்டும் என்று போட்டிருந்தது. ஆபீஸ் கணக்கு எழுதும் ரைட்டர் கந்தசாமி ஐந்து மைலைப் பார்த்தார். நடுவில் நிற்கும் மலையைப் பார்க்கவில்லை.

“பேசி முடிச்சா ஓவர்னு சொல்லோணும்” என்றார்.

“உங்களப் போயி மொட்டையா ஓவர்னு சொல்றதுங்களா?” என்ற சித்தன், “ஓவருங்க” என்றே பழகிக்கொண்டார்.

“பொட்டிக்குமா மரியாதை?” என்று சிரித்தாள் அவர் மனைவி மாதம்மாள்.

ஆடி மழையில், மலைக்கு அந்தப்புறம், சித்தன் வழுக்கி விழுந்தார். கால் ஒடிந்துவிட்டது. ஆபீசில் ஒரு குரலும் கேட்கவில்லை. மறுநாள் கண்டெடுத்தபோது உயிர் இல்லை. கட்டைவிரல் மட்டும் பட்டனை அழுத்தியபடி இருந்தது.

ரைட்டர் இரண்டு செட்டிலும் பேட்டரியைக் கழற்றி பீரோவில் பூட்டிவைத்தார்.

தையில், நல்ல வெயில் நேரத்தில், பீரோவுக்குள் மழைச் சத்தம் கேட்டது.

“கால் ஒடிஞ்சிருச்சுங்க. கேக்குதுங்களா? ஓவருங்க.”

ரைட்டர் மாதம்மாளை அழைத்துவந்தார். அவள் ஆபீஸ் செட்டை எடுத்துப் பட்டனை அழுத்தினாள்.

“ஏனுங்க, நல்லாக் கேக்குதுங்க. வந்துட்டே இருக்கறமுங்க. ஓவருங்க.”

செட்டுக்குள் மழை பெய்துகொண்டே இருந்தது.

“ரைட்டருங்க, கேக்குதுங்களா? ஓவருங்க.”

மாதம்மாள் மறுபடியும் பட்டனை அழுத்தினாள். ரைட்டர் ஜன்னலருகே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.