முதல் வருஷத்து வண்டி

"கியர்பாக்ஸை ஏன் மாத்தினீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அந்த வீட்டுக்குப் போய் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா தெருமுனை வரை கூடவே வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். பெரிய மனிதர்கள் என்றாலே அம்மாவுக்குக் கை கால் உதறும். இவளுக்கு அந்த வியாதி கிடையாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள்; வாயும் கூடவே பட்டம் வாங்கியிருந்தது.

துடைத்த ஈரம் காயாமல், குளிப்பாட்டி விட்ட யானைக்குட்டி மாதிரி போர்டிகோவில் நின்றது அந்தக் கறுப்புச் சொகுசு வண்டி. வீட்டுக்காரர் வரவழைத்துக்கொண்ட சிரிப்போடு, "மாத்தினது நல்லதுதானேம்மா? புது கியர்பாக்ஸ்னு விளம்பரத்துலயே போட்டிருக்கேனே" என்றார்.

"அதான் சார் இடிக்குது. இதே உருவத்துல கம்பெனிக்காரங்க மூணு வருஷம் வண்டி விட்டிருக்காங்க. குறையெல்லாம் சரி பண்ணின மூணாவது வருஷத்து வண்டியைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். ரெண்டாவது வருஷம் பரவாயில்ல. உங்களுது முதல் வருஷம்."

"அடேங்கப்பா! கரைச்சுக் குடிச்சுட்டுல்ல வந்திருக்கே. ஏம்மா, வாடகைக்கு விடப்போறியா?"

"எங்க வீட்டுப் பொழப்பே இந்த வண்டியிலதான் மாட்டிக்கிட்டு நிக்குது சார்."

கூட வந்திருந்த நரைமீசைக்காரர் வாயே திறக்கவில்லை. மெக்கானிக் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள். வந்ததிலிருந்து அந்த மனிதர் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்காரரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தி வளைக்க வேணாம் சார். ஓட்டின ஆள் முரட்டுத்தனமா ஓட்டிக் கெடுத்திருந்தா, இன்ஜினும் சேர்ந்து அடி வாங்கியிருக்கும். எனக்கு வண்டியே வேணாம். இல்ல, அந்த வருஷத்து வண்டியே அப்படித்தான்னா, புதுசு போட்டாச்சு, பயமில்ல. ரெண்டுல எது?"

இதற்கு முன் வண்டி பார்க்க வந்தவர்களெல்லாம் முதல் வருஷம் என்று தெரிந்ததும் காபியைக் குடித்துவிட்டு நழுவியிருந்தார்கள். புது வண்டி வேறு வரப்போகிறது, நிறுத்த இடமில்லை. இவளையும் விட்டால் இது போர்டிகோவிலேயே கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான்.

"சேச்சே! ஓட்டினவர் மேல தப்பே கிடையாதும்மா. கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டார். ஒரு கீறல் இருக்கா, நீயே சுத்தி வந்து பாரு!"

"அப்புறம் ஏன் போச்சாம்?"

"பிறவிக் கோளாறும்மா. அந்த வருஷம் வந்த வண்டிக்கெல்லாம் இதே கதி. சம்பந்தி வீட்டாரை உட்கார வெச்சுக்கிட்டுப் போறேன், நடு மேட்டுல படுத்துடுச்சு. என் மானமே போச்சு! அப்புறம் கம்பெனிக்காரனே தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, 'எங்க தப்புதான் சார்'னு சும்மாவே மாத்திக் கொடுத்தான்."

"அப்போ டிரைவர் கெடுக்கலை?" நரைமீசைக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"என் பேரப்பிள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க! அந்த மாதிரி ஒரு டிரைவர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

அவ்வளவுதான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"என்னம்மா இது, ஓட்டிக்கூடப் பார்க்காமக் கிளம்பிட்டே? முடிவைச் சொல்லிட்டுப் போ!"

பதில் நரைமீசைக்காரரிடமிருந்து வந்தது. "நான் ட்ராவல்ஸ் வெச்சிருக்கேன் சார். உங்ககிட்ட வேலை பார்த்த டிரைவரைப் பத்தி, வேலைக்கு எடுக்கறதுக்காக, போன வாரம் போன்ல விசாரிச்சேனே, ஞாபகம் இருக்கா? 'கியர்பாக்ஸை நொறுக்கின பய, வாசல்லயே சேர்க்காதீங்க'ன்னு சொன்னீங்க."



கேட்டைத் தாண்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் நரைமீசைக்காரருக்குக் குரல் கொடுத்தாள்:

"எங்கப்பா காலையிலேயே டூட்டிக்கு வந்துடுவார் சார்!"