கஷாயம் யார் கையால்?

"வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்று கேட்டால் ஒருத்தியும் ஆமாம் சொல்லமாட்டாள். இருபது வருஷ சர்வீஸில் மூத்த நர்ஸ் கண்ட உண்மை இது.

பொய் சொல்கிறார்கள் என்றில்லை. வீட்டில் காய்ச்சிக் குடிப்பதை யாரும் மருந்தென்றே நினைப்பதில்லை.

அதனால் இவள் கேட்கும் விதமே வேறு.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவளுக்கு மூன்றாம் மாதம். இரண்டு நாளாக அடிவயிற்றில் வலி. ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நன்றாகத்தான் இருந்தது. பிறகு வலி எதனால்? டாக்டருக்குப் பிடிபடவில்லை. அவள் வாயைக் கிளறும் வேலையை நர்ஸிடம் தள்ளிவிட்டார்.

"காலையில கஷாயம் யாரு கையால?" என்றாள் நர்ஸ், சாப்பிட்டாயா என்று விசாரிப்பதுபோல.

"நானே காய்ச்சிக்குவேன்க்கா. பொடி மட்டும்தான் வெளியில வாங்குறது."

சொல்லிவிட்டு நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள்.

நர்ஸுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். பின்னாலேயே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

எந்த வேர், எவ்வளவு, எதற்கு, ஒன்றும் தெரியாது. இலை, வேர் என்றால் கெடுதல் செய்யாதாம். வயிற்றுப் பிள்ளையோடு விளையாட இவர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ. பொடி கொடுத்த மகராசி மட்டும் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாக, வாய்விட்டே பொரிந்து தள்ளினாள்.

வந்தவள் பேந்தப் பேந்த விழித்தாள்.

"என்னக்கா நீங்களே இப்படிச் சொல்றீங்க? என் பொண்ணு நர்ஸு, அவளைக் கேக்காம நான் எதுவும் குடுக்கமாட்டேன்னு உங்கம்மா சொன்னாங்களே?"



அம்மா மத்தியானத்தில் எதையாவது இடித்துச் சலித்துக்கொண்டிருப்பாள். பொழுது போகட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள். ஊரையெல்லாம் குடைந்து கேட்டவள், அது என்னவென்று வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

இன்றோடு அதை நிறுத்து, மிச்சப் பொடியைக் கொண்டுவந்து டாக்டரிடம் காட்டு என்று அவளிடம் சொல்லிவிட்டு, வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சுகளில் பதினோரு பேர், வயிற்றில் கை வைத்தபடி.

"எங்கம்மாகிட்ட பொடி வாங்கினவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க."

ஏழு கைகள் உயர்ந்தன. அவர்களில் இரண்டு பேர் அவளைப் பார்த்து நன்றியோடு சிரித்தார்கள்.